நான் பார்க்காத குட்டி ரயில்

அந்தக் குட்டி ரயில் எங்கள் ஊருக்குத் தண்டவாளத்தில் வரவில்லை. பக்கத்து ஊரான கொல்லயிலைச் சேர்ந்த ஒரு கல்ஃப்காரரின் பெட்டிக்குள், கைலியில் பொதிந்து, இரண்டு சோப்புக் கட்டிகளுக்கும் ஒரு பால்பொடி டின்னுக்கும் நடுவில் வந்தது. என் கணவரின் தம்பி கல்ஃபில் தன்னுடைய அறையில் டிவியில் ஓடிய ஒரு குழந்தைகள் படத்தை வீடியோ டெக்கில் பதிந்து, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பிய கேசட் அது. மேலே காகிதம் ஒட்டவில்லை, பெயரும் எழுதவில்லை. பொதியை அவிழ்த்தவள் தம்பியின் பெண்டாட்டி. அவள் அவிழ்ப்பதை எங்கள் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். சோப்பில் ஒன்றை எனக்கு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், முகர்ந்தும் பார்த்தேன். நல்ல மணம். அது நல்ல மணமாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் இரண்டு வீடும் நின்றது ஒரே பத்து சென்டில். என் மாமனார் பெரிய வீட்டுக்காரர்களின் விளையில், தோட்ட நிலத்தில், ஓலைக்குடிசை கட்டி, அவர்களுக்கு மரச்சீனி நட்டும் தேங்காய் சுமந்தும் கிடந்தவர். சட்டம் வந்து, குடியிருக்கிறவனுக்கே அந்த இடம் என்று ஆனபோது பத்து சென்டுக்குப் பட்டயம் கிடைத்தது. அவர் காலத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பங்கு வைத்தார்கள். மூத்தவர் என்பதால் முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை என் கணவருக்கு. பிலாமரமும் இரண்டு தெங்கும் நின்ற பின்பாதியை எடுக்கச் சொன்னது நான்தான். முன்பாதி வெறும் செம்மண், வழியோரம், ஒரு புல்கூட ஒழுங்காக முளைக்காது. காய்க்கிற மரத்தை விட்டுவிட்டு அதை யாராவது எடுப்பார்களா? அன்று நாங்கள்தான் சிரித்தோம்.

பிறகு தம்பி கல்ஃபுக்குப் போனான். வழி அகலமாகி ரோடானது. அந்த வெறும் மண்ணில் லாரி வந்து கல் இறக்கியது, கம்பி இறக்கியது, கான்கிரீட் வார்ப்பு வீடு எழும்பியது. எங்கள் பிலாவின் பழுத்த இலைகள் அவர்களுடைய மொட்டைமாடியில் போய் விழுந்தன. "அக்கா, அந்தக் கொம்பை ஒண்ணு வெட்டச் சொல்லப்பிடாதா? தூத்துத் தூத்து எனக்க நடுவு ஒடியுது" என்றாள் அவள் ஒருநாள், சாதாரணமாகத்தான். எது எங்களுக்குச் சொத்தென்று எடுத்தோமோ அது அவளுக்குக் குப்பை. அன்று முழுவதும் எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

அவள் பத்தாம் வகுப்பு ஜெயித்தவள். நான் ஆறாம் வகுப்பில் நின்றவள். தோற்று நிற்கவில்லை. எங்கள் பக்கம் ரயில்பாதை போட்ட காலம் அது. குன்றை வெட்டிச் செம்மண் சுமக்கும் வேலைக்கு என் அம்மை போனாள். வீட்டில் இளையதுகளைப் பார்க்க ஆள் வேண்டும். ஒருநாள் நின்றேன், ஒரு வாரம் நின்றேன், பிறகு பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை. அம்மைக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது அந்த வெட்டுப்பள்ளத்தை மேலிருந்து எட்டிப் பார்ப்பேன். ஆட்கள் எறும்பு போலத் தெரிவார்கள். மண் சரிந்தால் அம்மை என்ன ஆவாள் என்று அப்போது தொடங்கிய நடுக்கம். பிறகு அது வேறு வேறு காரணங்களைப் பிடித்துக்கொண்டு என்னோடேயே நின்றுவிட்டது. தேங்காய் தலையில் விழும், கிணற்றுக் கயிறு அறும், மண்ணெண்ணெய் விளக்கு சரியும், ரப்பர் வெட்டப் போன மனிதர் வழுக்கி விழுவார். என் கணவர் விடியும் முன்பே ஆரியங்கோட்டுக்கு ரப்பர் பால் எடுக்கப் போவார். திரும்பி வரும்வரை நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருப்பேன். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் வெப்ராளக்காரி, எதற்கும் பதறுகிறவள்.

எங்களுக்கு ஒரே மகள். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று என் கால் தரையில் இல்லை. புது ஸ்லேட், புதுப் பாவாடை, நெற்றியில் பெரிய பொட்டு. பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ரயில்வே கேட். சில நாட்கள் நல்லபடியாகப் போனாள். ஒருநாள் நாங்கள் கேட்டுக்குச் சற்று முன்னால் வரும்போது, குன்றை வெட்டிய அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வளைவு என்பதால் வருகிறவரை தெரியாது, வந்தால் நெஞ்சில் ஏறுகிற மாதிரி வரும். பிள்ளை கீச்சுக் குரலில் கத்தினாள். பாவாடை நனைந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

மறுநாள் அந்த வளைவு தெரிகிற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மறுநாள் வீட்டு வாசலில். பிறகு பள்ளிக்கூடம் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றுவலி. அடித்துப் பார்த்தேன், மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டினேன், பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்காகச் சர்ச்சில் மெழுகுதிரியும் ஏற்றினேன். ஓணம் கழிந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய சார் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். மலையாளத்தில்தான் பேசுவார்.

"கிறிஸ்மஸ் கழிஞ்ஞும் கொச்சு வந்நில்லெங்கில் பேரு வெட்டும், கேட்டோ. பின்னெ என்னோடு பறயருது."

கிறிஸ்துமஸ் கழிந்தும் பிள்ளை வராவிட்டால் பதிவேட்டில் பேரை வெட்டிவிடுவாராம். பேரை வெட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? என் பேரையும் இதே போலத்தான் எங்கோ ஒரு சார் வெட்டியிருப்பார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். கிளாஸில் சூடாக இருந்த சாயையை ஊதிக்கொண்டே கேட்டார்.

"நீ படிச்சியா? நான் படிச்சேனா? இப்ப என்ன, கஞ்சி இல்லாம கிடக்கியமா?"

"அதுக்கு? அவளும் உங்களுக்க கூட ரப்பர் வெட்ட வரவா?"

"எட்டீ, பேடி பிள்ளைக்கு இல்ல. உனக்காக்கும். நீ பேடிச்சுப் பேடிச்சு அதையும் பேடிப்பிச்சு வச்சிருக்க."

பயம் எனக்குத்தானாம். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் கேசட் வந்தது. டிவியும் டெக்கும் தம்பி முந்தின லீவில் வந்தபோதே கொண்டுவந்திருந்தான். பெரிய கலர் டிவி. பூப்போட்ட துணியால் மூடி வைத்திருப்பாள். சாயங்காலம் அந்தத் துணியை அவள் எடுக்கிற நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் எப்படித்தான் தெரியுமோ, கால் கழுவிக்கொண்டு வரிசையாக வந்துவிடும். பாய் விரித்துத் தரையில் பிள்ளைகள். சுவரோரம் பெஞ்சில் பெண்கள். இரண்டு கசேரை வீட்டுக்காரர்களுக்கும் முக்கியப்பட்டவர்களுக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாக் கல்ஃப் வீட்டிலும் இப்படித்தான். யாரும் சொல்லி வைத்த முறை இல்லை, ஆனால் யாரும் மாற்றி உட்கார மாட்டார்கள்.

மூத்தவரின் பெண்டாட்டி என்பதால் எனக்கு ஒரு கசேரை உண்டு. "அக்கா, உள்ள வந்து இரியுங்க" என்று தினமும் கூப்பிடுவாள். நான் போகமாட்டேன். அந்தக் கசேரையில் உட்கார்ந்தால் பின்பாதியை எடுத்தது பிழை என்று ஊர் அறிய ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஏனோ தோன்றும். ஆனால் மகள் போனாள். போகாதே என்றால் அழுவாள். அதனால் அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்ற கறிவேப்பிலை மரத்தடியில் எனக்கு ஒரு வேலை உண்டாயிற்று. தினமும் சாயங்காலம் கறிவேப்பிலை பறிப்பேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கறிவேப்பிலை போடாத கறி இல்லை.

ஜன்னலில் நின்றால் டிவியின் பக்கவாட்டுதான் தெரியும், படம் தெரியாது. தெரிந்ததெல்லாம் என் மகளின் முகம். அதில் நீல வெளிச்சம் அலைந்துகொண்டிருக்கும். காதில் விழுந்தது பாட்டும், சக்கர ஓசையும், யாரோ இங்கிலீஷில் படபடவென்று பேசுவதும். தமிழும் மலையாளமும் இல்லாத எல்லாம் அன்று எனக்கு இங்கிலீஷ்தான். அதற்கு மேலே, தெளிவாக, தம்பி பெண்டாட்டியின் குரல். ரயில் பேசப் பேச அவள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே போவாள்.

"கேட்டியளா மக்களே? இது ஒரு குட்டி ரயிலாக்கும். பொம்பளப் பிள்ளை. அம்மை ரயிலு சொல்லுது, இந்தா மக்கா, இந்தக் குகைக்கு அந்தாண்ட ஒரு பள்ளிக்கூடம் உண்டு, அங்க பிள்ளைகளுக்குப் பால் கொண்டு போணும். குட்டி என்ன சொல்லுது தெரியுமா? எனக்குப் பேடியா இருக்கு, உள்ள இருட்டு, நான் போமாட்டேன், எனக்கு வயிறு வலிக்குது."

வயிறு வலிக்குது என்றதும் பிள்ளைகள் என் மகளைப் பார்த்துச் சிரிக்கும். என் மகளும் சிரிப்பாள். வீட்டில் நான் அதே சொல்லைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

குகைக்குள் ரயில் போகும் இடம் எனக்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்தே தெரியும். மகளின் வாய் திறந்துகொள்ளும், அவள் கை பாயில் ஊர்ந்து போய் அவளுடைய சின்னம்மையின் சேலைத் தலைப்பைப் பிடிக்கும். நைலக்ஸ் சேலை. சின்னம்மை அவளை இழுத்து மடியில் வைத்து அணைத்துக்கொள்வாள். டிவி சொல்லும்: "யல்லா! யல்லா!" பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தும்: "யல்லா! யல்லா!"

"அப்பிடிண்ணா என்ன சின்னம்மே?"

"பேடிக்காதே, போ போண்ணு அர்த்தம்."

அந்தக் கை என் சேலையைப் பிடிக்க வேண்டிய கை. அதற்கு மேல் நிற்க முடியாது. பறித்ததை மடியில் போட்டுக்கொண்டு நான் நடந்துவிடுவேன். ஒருநாளும் கதையின் முடிவுவரை நின்றதில்லை. பின்னால் கைதட்டல் கேட்கும். இங்கிலீஷ் தெரிந்தவளுக்குக் கைதட்டத்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டே உலையில் அரிசியைப் போடுவேன். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்த இங்கிலீஷ் எழுத்துகளில் பாதியோடு நான் நின்றுவிட்டேன். மீதிப் பாதியில்தான் என் மகளைச் சமாதானப்படுத்தும் வித்தை எல்லாம் இருந்தது போலும்.

வீட்டில் நானும் முயன்றேன். படுக்கும்போது, "ஒரு ஊர்ல ஒரு ரயிலு" என்று தொடங்கினேன்.

"அந்த ரயிலுக்க பேரு என்னம்மா?"

எனக்குத் தெரியவில்லை. "ரயிலுக்கு எங்கயாவது பேரு உண்டா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சின்னம்மை நாளைக்கும் போடும்." திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் பிறந்தது. கேசட் கொண்டுவந்த கொல்லயில்காரருக்கு லீவு முடிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: கல்ஃபுக்குத் திரும்புகிறவர் அங்கே தன்னோடு தங்கியிருப்பவர்களின் வீடு வீடாகப் போய்ப் பொதி வாங்கிக்கொள்வார். மாங்காய் அச்சார் குப்பி, ஏத்தங்காய் வறுவல், சுக்குப்பொடி, இவ்வளவு பாரத்துக்கு மேல் கூடாது என்று அவர் கெஞ்சுவதும், இதை மட்டும் வையுங்க அண்ணாச்சி என்று பெண்கள் திணிப்பதும். அவர் வந்த சாயங்காலம் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கசேரையில் இருத்திச் சாயை கொடுத்துவிட்டு அவள் கதையைத் தொடர்ந்தாள். நான் கறிவேப்பிலை மரத்தடியில்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் சாயை புரைக்கேறிச் சிரித்தார்.

"நீ என்னத்த மொழிபெயர்க்க? இது இங்கிலீஷா? அறபியாக்கும் இது! அங்கத்த பிள்ளைகளுக்குள்ள டிவி."

என் கையிலிருந்த கொத்து கீழே விழுந்தது.

"அறியும் அண்ணாச்சி" என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல். "முதல் நாளே அறிஞ்சு. அறபியாவது இங்கிலீஷாவது, பேடிச்ச ரயிலு பேடிச்ச ரயிலுதானே? மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

"செரி, அந்த யல்லா?"

"அது நானா அடிச்சு விட்டது."

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். "எட்டி, அது செரியாக்கும்! அங்க எங்களை வேலைக்கு வெரட்டும்போ அதுதான் சொல்லுவான். வா, போ, சீக்கிரம். நீ நல்லா வருவே!"

பொய் சொல்லியிருக்கிறாள். இத்தனை நாளும் அவள் சொன்னது அவளாகக் கட்டிய கதை. எனக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. வீட்டுக்கு வந்தவுடன் மகளை மடியில் இருத்திச் சொன்னேன்.

"மக்கா, உனக்க சின்னம்மைக்கு அந்த ரயிலு பேசுறது ஒண்ணும் தெரியாது, கேட்டியா? அந்த மாமன் சொன்னாரில்ல? எல்லாம் சும்மா சொல்லுதாக்கும்."

பிள்ளை என்னை அதிசயமாகப் பார்த்தாள். "அதுக்கென்ன? ரயிலு அறபியில சொல்லும். சின்னம்மை எனக்குச் சொல்லும்."

அவ்வளவுதான். அவளுடைய பொய்க்கு இருந்த மதிப்பு என்னுடைய உண்மைக்கு இல்லை. யல்லாவைக்கூட அவள் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லியிருக்கிறாள். நான் பார்த்துப் பார்த்து எடுத்த பங்கே சரியாகவில்லை.

ஆனால் ஒன்று நடந்துகொண்டிருந்தது, அதை நான் பார்க்காமல் இல்லை. மகள் பிள்ளைகளோடு சேர்ந்து ரயில் விளையாடத் தொடங்கினாள். முன்னால் நிற்பவள் அவள். வாழைத்தோப்புக்குள் வளைந்து வளைந்து ஓடி, எங்கள் தொழுவத்துச் சாய்ப்புக்குள் குனிந்து நுழைந்து, அடுத்த பக்கம் வெளியே வருவார்கள். தூரத்தில் நிஜ ரயில் கத்தினால் முன்பெல்லாம் காதைப் பொத்துகிறவள் இப்போது நின்று கேட்டாள். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நாளுக்கு அவளும் சின்னம்மையும் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். காலையில் ஒருதடவை ரயில் படம் பார்ப்பது, உடனே அதே ஓட்டத்தில் கிளம்பிப் போய்க் கேட்டைக் கடப்பது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் திட்டம் நடக்க வேண்டும் என்றும் இருந்தது. அவளால் நடக்கக் கூடாது என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான்.

திறப்பதற்கு முந்தின சாயங்காலம் டெக் கேசட்டைத் தின்றுவிட்டது. ஐப்பசியில் பெய்த துலா மழையின் ஈரத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூத்திருந்ததாம். கர்ரென்று ஒரு சத்தம், பிறகு பிள்ளைகளின் ஓலம். நான் ஓடிப்போய் ஜன்னலில் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, டெக்கின் வாயிலிருந்து பழுப்பு நாடாவைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். குடலை உருவுகிற மாதிரி அது வந்துகொண்டே இருந்தது. கசங்கி, சுருண்டு, இடையில் அறுந்து. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

மகள் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தாள். "நாளைக்கு நான் போமாட்டேன். எனக்கு வயிறு வலிக்குது."

எனக்கு வந்த பயம் சொல்லி முடியாது. பேர் வெட்டிவிடுவார்கள். இனி எட்டு வயதில், பத்து வயதில், சின்னப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பிலா இருப்பாள்? இருக்கமாட்டாள். அடுக்களையில் என் பக்கத்தில் இருப்பாள். இன்னொரு வெப்ராளக்காரி.

காலையில் குளிப்பாட்டிப் பாவாடை உடுத்தினேன். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு உடுத்திக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி தன் கேட்டில் நின்றிருந்தாள். தலைகூடக் கட்டவில்லை.

"அக்கா, நான் கொண்டு விடட்டா? வழி முழுக்கக் கதை சொல்லிக்கிட்டே போவேன்."

மகளின் கை என் கைக்குள் துள்ளியது. அவள் பக்கமாக.

"அவளுக்கு அம்மை உண்டு" என்றேன். நடந்தேன்.

வளைவு தெரிகிற இடம் வந்ததும் பிள்ளையின் நடை குறைந்தது. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தேன். "ஒரு நீலக் குட்டி ரயில் உண்டு மக்கா. பொம்பளப் பிள்ளை. குகைக்கு அந்தாண்ட பள்ளிக்கூடம். பால் கொண்டு போணும்." ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட ஒவ்வொரு சொல்லும் எனக்குள் இருந்தது. சொல்லச் சொல்ல வந்தது. வயிறுவலிகூட விடவில்லை. பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கெப்பிடித் தெரியும்?" நான் கேட்காதது போல மேலே சொன்னேன்.

கேட் மூடியிருந்தது. சைக்கிள்காரர்கள், பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், எல்லோரும் நின்றார்கள். பள்ளத்துக்குள்ளிருந்து முதலில் தரை அதிர்ந்தது. பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

"கண்ணை மூடிக்கோ மக்கா. அந்தக் குட்டி ரயிலும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் போச்சு. மூடு, மூடு!"

"இல்லம்மா" என்றாள் பிள்ளை. "அது நடுவுல கண்ணைத் துறந்நு. துறந்நப்பதான் அந்தாண்ட வெளிச்சம் கண்டுது."

"துறந்நா? மூடல்லியா?"

"ஆமா. நீ ஒருநாளும் முடிவுவரை நிக்கல்லியே. இலை பறிச்சுட்டுப் போயிருவியே."

ரயில் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காது, நெஞ்சு, பல் எல்லாம் அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் என் இடுப்பருகே ஒரு சின்னக் குரல் "யல்லா, யல்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கத்தவில்லை, மாட்டை ஓட்டுகிறவன் சொல்வது போல, சாவகாசமாக. கண்ணைத் திறந்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடை நனையவில்லை.

"கை நோவுது. விடம்மா."

விட்டேன். மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. கேட் உயர்ந்தது. சைக்கிள்களுக்கு நடுவே, தண்டவாளங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, பையை ஆட்டிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பினாள். என்னைக் கூப்பிடப் போகிறாள் என்று கையை உயர்த்தினேன்.

"அம்மா! சின்னம்மைட்ட போய்ச் சொல்லு! நான் போயிட்டேன்ணு சொல்லு!"

உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பால்காரர் சிரித்தார். கேட் திரும்ப மூடப் போகிறது என்று மணியடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

திரும்பும் வழியில் சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். அழுதாள், நான் தூக்கிக்கொண்டு போனேன் என்று சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்? சாயங்காலம் பிள்ளையே வந்து சொல்லிவிடுவாள். அதுவரை, அந்தப் பகல் நேரத்துக்காவது, அது எனக்கு மட்டும் உள்ளதாக இருக்கும். வாழைத்தோப்பைத் தாண்டும்போது முடிவே செய்துவிட்டேன், சொல்வதில்லை என்று.

அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். அதே அவிழ்ந்த தலை. கையில் சுருண்ட நாடா, அதைக் கீழே வைக்கக்கூட மறந்திருக்கிறாள்.

"அக்கா?" என்றாள்.

"போயிட்டா" என்றேன். என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "தனியா. கையை விடச் சொல்லிட்டுப் போனா. உங்கிட்டச் சொல்லணுமாம்."

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், பிறகு ரோட்டைப் பார்த்துக் கத்தினாள், போகிற வருகிற எல்லோரும் கேட்க: "எனக்க ரயிலு போயிட்டு! எலே மக்களே, எனக்க ரயிலு போயிட்டு!"

எனக்க. சுமந்து பெற்றவள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மறுக்க எனக்குத் தெம்பில்லை. அந்தக் கசேரையில் இருத்திச் சாயை போடப் போனாள். முதல்முறையாக அந்த டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். பூப்போட்ட துணி விலகிக் கிடந்தது. கண்ணாடியில் நான் தெரிந்தேன், பக்கத்து ஜன்னலில் கறிவேப்பிலை மரம் தெரிந்தது. கைக்கு எட்டிய கொம்பெல்லாம் மொட்டையாக இருந்தது. இவ்வளவு பறித்திருக்கிறேன், இங்கே இருந்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

அவள் சாயை கொண்டு வந்தாள். ஏலக்காய் போட்டது, பால்பொடிச் சாயை. குடித்துவிட்டு, கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டேன்.

"அந்த ரயிலு என்ன நிறம்?"

"எந்த ரயிலு? அந்தக் குட்டியா?" அவள் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "மஞ்சள் அக்கா. நல்ல மைனாமூக்கு மஞ்சள். ஏன், நீங்க கண்டதில்லியா?"

மகளின் முகத்தில் விழுந்தது நீலம் என்பதால் நீல ரயில் என்றே அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று காலை வழியில் பிள்ளைக்குச் சொன்னதும் நீல ரயில்தான். பிள்ளை திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியாது. நிறத்தைக்கூடத் தம்பி பெண்டாட்டியிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.